புளித்த வேரும் புதிய குளிசையும்

தில்லையடி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில், தென்னாபிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று 1914ஆம் ஆண்டில் இளம்பிராயத்திலேயே உயிர்நீத்த வள்ளியம்மையின் மூதாதையர் ஊராகிய தில்லையாடியே தமிழகத்து வாசகர் பலருக்கும் நினைவில் எழும். நான் சொல்லப்போகும் தில்லையடி வேறு. அது இலங்கையின் வடமேற்குக் கரையில், புத்தளம் நகரை அடுத்து, உப்பளங்களின் வெண்மையும் களப்பின் உவர்க்காற்றும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. தில்லை மரத்தின் அடி என்று பொருள்படும் அப்பெயருக்குரிய மரம் களப்போரக் கண்டற் காடுகளில் வளர்வது. அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே பங்கம் நேரும் என்று அஞ்சுவோர் உண்டாயினும், நாட்பட்ட புண்களுக்கு அதே மரத்தை மருந்தாக்கிய பழைய வைத்தியர்களும் இருந்திருக்கிறார்கள். இப்படி நஞ்சும் ஔஷதமும் ஒரே பட்டைக்குள் உறையும் ஒரு மரத்தின் பெயரைத் தாங்கிய ஊரிலிருந்து, வேர் மருந்துகளின் நன்மையைப் பற்றி எழுதப் புகுவது பொருத்தமே என்று எண்ணுகிறேன்.

கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வரும்போது பேரீச்சம்பழத்தோடும் அத்தரோடும் பால்மாவோடும் இப்பொழுதெல்லாம் ஒரு குளிசைப் போத்தலும் வருகிறது. அதன் மேலுறையில் மனித உருவம்போற் கிளைத்த ஒரு வேரின் படமும், 'புளிக்கவைக்கப்பட்டது' என்னும் அறிவிப்பும், சோர்வு, நித்திரையின்மை, சீனி வருத்தம், மூட்டு நோ, மறதி என்று மனிதர்க்கு வரக்கூடிய துன்பங்கள் அனைத்துக்கும் அபயமளிக்கும் நீண்ட பட்டியலும் காணப்படும். ஒன்றிலே கொரிய தேசத்து ஜின்செங்; ஒன்றிலே மஞ்சள்; இன்னொன்றிலே நம்முடைய அமுக்கிராக் கிழங்கு. எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒன்று வந்தது. மூத்தம்மா அதைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்து, "இது என்ன மகன்? வேரெண்டா அவிச்சுக் குடிக்கணும், குளிசையெண்டா டொக்டர் தரணும். இது ரெண்டுமில்லாம என்ன சாமான்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. விடை தேடிச் சில மாதங்கள் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

வேரைப் புளிக்கவைத்து மருந்தாக்கும் வித்தை கொரியாவிலோ யப்பானிலோ நேற்று முளைத்ததன்று. ஆயுர்வேத சாத்திரத்தில் ஆசவம், அரிஷ்டம் என்று வழங்கும் இரண்டு வகைகளும் அந்த வித்தையின் பழமையான வடிவங்களே. அரிஷ்டம் செய்வோர் வேரையும் பட்டையையும் இடித்து, நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, நாலில் ஒன்றாகவோ இன்னுங் குறைவாகவோ சுண்டக் காய்ச்சி, வடித்தெடுத்த கஷாயத்தில் வெல்லமோ தேனோ கரைத்து, செந்நிறத் தாதகிப் பூவைத் தூவி, வாசனைச் சரக்குகளைப் பொடித்திட்டு, நெய் தடவிய பானையில் அல்லது மரத்தொட்டியில் நிரப்பி, வாயைச் சீலைமண்ணால் மூடி, ஏறத்தாழ ஒரு மாதம் அசையாமல் வைத்துவிடுவர். தாதகிப் பூவோடு ஒட்டிவரும் நுண்ணுயிர்கள் வெல்லத்தை உண்டு மதுசாரத்தைப் பிறப்பிக்க, நீரில் மட்டும் கரையாத வேரின் சாரங்கள் அந்த மதுசாரத்திற் கரைந்து வெளிவருகின்றன. மூடிக்குக் காதை வைத்தால் உள்ளே 'சளசள' என்று கேட்கும் ஓசை நின்றபின்னரே பானை பக்குவமடைந்தது என்று கொள்வர். அப்பமாவைப் பொங்கவைத்த எந்த வீட்டுப் பெண்ணுக்கும் அந்த ஓசை அந்நியமானதன்று.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாய்மார்க்குக் கொடுக்கும் தசமூலாரிஷ்டத்தை அறியாத வீடு நம்மிடையே அரிது. வில்வம், பாதிரி, குமிழ் முதலாய பெருமரங்களின் மூலம் ஐந்தும், கண்டங்கத்திரி, நெருஞ்சி முதலாய சிறு செடிகளின் மூலம் ஐந்தும் கூடியதே தசமூலம். இந்தச் சிறு ஐந்தின் பெயரையே காரியாசான் தம் நீதி நூலுக்குச் சூட்டி, ஐந்து வேரும் உடலை வளர்ப்பதுபோல் ஐந்து கருத்தும் உயிரை வளர்க்கும் என்ற குறிப்போடு சிறுபஞ்சமூலம் என்று அமைத்தார் என்பதை நினைக்கும்போது, வேர் மருந்து எவ்வளவு ஆழமாக நம் முன்னோர் மனத்தில் ஊன்றியிருந்தால் ஒரு புலவன் அதை அறநூலுக்கு உவமையாக எடுத்திருப்பான் என்று வியக்கத் தோன்றுகிறது.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊரிலே இந்த மதுசாரத்தைப் பற்றிய ஒரு மனக்குறுகுறுப்பு எப்பொழுதும் இருந்துவந்திருக்கிறது. முறைப்படி புளித்த அரிஷ்டத்தில் தானாகப் பிறந்த மதுசாரம் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை இருப்பது இயல்பு. மருந்தின் அளவாக இரண்டு கரண்டி அருந்துவதைப் பற்றி உலமாக்களிடையே அபிப்பிராயங்கள் வேறுபடுகின்றன. அதிலே தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. ஆனால் யூனானி ஹகீம்கள் சர்பத்தாகவும் மஃஜூனாகவும் தேன்பாகில் மருந்தைக் கட்டிக்கொடுத்ததற்கு இந்தக் குறுகுறுப்பும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. அவர்களுடைய கமீரா என்னும் மருந்தின் பெயரிலேயே புளித்த மாவைக் குறிக்கும் அரபுச் சொல் ஒளிந்திருப்பதும் ஒரு வேடிக்கையான விஷயந்தான். புளித்த சாரத்தை உலர்த்தித் தூளாக்கிக் குளிசையாக வார்த்தால் மதுசாரம் ஆவியாகி அகன்றுவிடுகிறது. அரிஷ்டப் போத்தலைக் கைநடுங்கி எடுத்தவர்கள் குளிசையைத் தயக்கமின்றி எடுப்பதற்கு இந்த நிம்மதியும் ஒரு காரணம் என்பதை நான் நேரிலே கண்டிருக்கிறேன்.

கசப்புக்கு அஞ்சுவோர்க்கும் பிரயாணம் செய்வோர்க்கும் கஷாயத்தைக் குளிசையாக்கித் தருவது இந்தியாவிலும் பழகிப்போன காரியம். 1902ஆம் ஆண்டில் பி. எஸ். வாரியர் தொடங்கிய கோட்டக்கல் ஆர்ய வைத்தியசாலை, வீடுதோறும் காய்ச்சவேண்டியிருந்த கஷாயத்தைப் போத்தலில் அடைத்துத் தந்து பெயர்பெற்றது. காலப்போக்கில் அதே கஷாயங்கள் அங்கே மாத்திரையாகவும் வெளிவந்தன. நமது சித்த மருத்துவமோ மாத்திரையை அகமருந்துகள் 32இல் ஒன்றாக எண்ணியது மட்டுமன்றி, குடிநீருக்கு ஒரு சாமம், சூரணத்துக்கு மூன்று மாதம், மாத்திரைக்கு ஒரு வருஷம் என்று வீரியத்தின் ஆயுளையும் வரையறுத்து வைத்தது. ஆகவே குளிசை என்ற வடிவத்தைக் குறித்து மூத்தம்மாவுக்கு எழுந்த ஐயத்தின் முதற்பாதி தீர்ந்தது என்று கொள்ளலாம்.

புளித்தலால் வேருக்கு மெய்யாகவே ஏதேனும் சிறப்பு உண்டாகிறதா என்பதே அடுத்த கேள்வி. உண்டாகிறது என்றே விஞ்ஞானம் சொல்கிறது. அது சொல்லும் காரணமும் அழகானது. ஜின்செங் வேரின் வீரியம் ஜின்செனோசைட்டுகள் என்னும் பொருள்களில் இருக்கிறது. அவை சர்க்கரை மூலக்கூறுகளை முதுகிலே சுமந்துகொண்டிருப்பதால் குடலின் சுவரை எளிதில் ஊடுருவ மாட்டா. நம் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அச்சர்க்கரைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, 'காம்பவுண்ட் கே' என்று பெயரிட்ட சிறிய பொருளாக மாற்றிய பின்னரே அது குருதியிற் கலக்கிறது. அந்நுண்ணுயிர்களோ எல்லார் வயிற்றிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒருவருக்கு ஜின்செங் பலிக்க, அடுத்த வீட்டுக்காரருக்கு அது வெறும் சக்கையாகக் கழிந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. வயிற்றுக்குள் நடக்கவேண்டிய அந்த வேலையை வெளியிலேயே, பாற்புளிப்பு நுண்ணுயிர்களைக் கொண்டு செய்துமுடித்துவிட்டால் என்ன என்ற யோசனையிலிருந்தே புளிக்கவைத்த ஜின்செங் பிறந்தது. அமுக்கிராவிலும் விதனோசைட் என்னும் சர்க்கரை சுமந்த பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று எலியின் உடலில் சர்க்கரையை இழந்து சொமினோன் என்ற வேறொரு பொருளாக மாறியே வினைபுரிகிறது என்று யப்பானிய ஆய்வாளர் கண்டிருக்கின்றனர்.

மஞ்சளின் கதி இன்னும் பரிதாபமானது. அதன் குர்குமின் எவ்வளவு உண்டாலும் குருதிக்குள் மிகச் சொற்பமே சேரும். 1998இல் பெங்களூரில் நடந்த ஒரு சோதனையில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் சாரமாகிய பைபரின் வெறும் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உறிஞ்சப்பட்ட அளவு ஏறக்குறைய 20 மடங்காயிற்று. ரசத்தில் மஞ்சளையும் மிளகையும் ஒன்றாக இட்ட நம் பாட்டிமார் அந்தச் சோதனையைப் படித்துவிட்டு இட்டார்கள் என்று பெருமை பேச நான் துணியமாட்டேன். அவர்கள் ருசிக்காக இட்டார்கள், அது நன்மையாயும் முடிந்தது. மஞ்சள் என்றதும் இந்தக் கரையிலே இன்னொரு நினைவும் வரும். 2019 டிசெம்பரில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபின் விலை பன்மடங்கு ஏற, தமிழகத்துக் கரையிலிருந்து மஞ்சள் மூடைகள் இரவோடிரவாகப் படகேறி வந்ததையும், கற்பிட்டிப் பகுதியிலும் மன்னாரிலும் கடற்படையினர் அவற்றைப் பிடித்ததையும் 2020இன் பத்திரிகைகள் வாரந்தோறும் எழுதின. தங்கத்தைக் கடத்திய கடலில் மஞ்சளைக் கடத்தும் காலம் வருமென்று எவர் நினைத்திருப்பார்?

இனி, குளிசைகளின் மேலுறை சொல்லும் வாக்குறுதிகளை அத்தாட்சியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். புளித்த செஞ்ஜின்செங்கை நாளொன்றுக்கு 2.7 கிராம் வீதம், சீனி வருத்தமோ அதன் முன்னறிகுறியோ உள்ள 42 பேரிடம் நான்கு வாரம் கொரியாவில் சோதித்தபோது, உணவுக்குப்பின் ஏறும் சர்க்கரை, போலிக்குளிசை உண்டவர்களிடம் இருந்ததைவிடக் குறைவாயிருந்தது. அம்முடிவு 2014இல் வெளியாயிற்று. அமுக்கிராவை எடுத்துக்கொண்டால், 2012இல் ஐதராபாத்திலிருந்து வெளியான ஓர் ஆய்வில், மனவழுத்தமுள்ள 64 பேரில் ஒரு பாதியினர் வேர்ச்சாரத்தை 300 மில்லிகிராம் வீதம் இருவேளை 60 நாள் உண்டபோது, அழுத்தத்தின் அளவுகோலும் கோர்டிசோல் என்னும் சுரப்பும் மற்றப் பாதியினரைவிட அதிகம் இறங்கின. இவை நல்ல செய்திகளே; இவற்றைப் பொய்யென்று தள்ளுவது அநியாயம். ஆயினும் 42 பேரும் 64 பேரும் ஒரு கலியாணப் பந்தியில் பாதியை நிரப்பக் காணார். நான்கு வாரச் சோதனையை வைத்து நாற்பது வருஷ வருத்தத்துக்கு வாக்குறுதி கொடுப்பதும் நேர்மையாகாது. எல்லாவற்றிலும் முக்கியமாக, அந்த ஐதராபாத் ஆய்வில் கொடுக்கப்பட்டது புளிக்கவைத்த வேரன்று. ஒரு வேரின் வேறொரு வடிவத்துக்குக் கிடைத்த புகழைத் தன் புளித்த குளிசைக்கு இரவல் வாங்கி மேலுறையில் அச்சிடும் வியாபாரி பொய் சொல்லவில்லை என்று வாதாடலாம். உண்மை சொன்னான் என்று வாதாட முடியாது.

நன்மையை எழுதும் அதே கையால் தீமையையும் எழுதவேண்டியிருக்கிறது. அமுக்கிராக் குளிசை உண்ட ஐந்து பேருக்கு மஞ்சட்காமாலையும் உடம்பரிப்பும் கண்ட செய்தியை ஐஸ்லாந்து தேசத்தவரும் அமெரிக்கரும் சேர்ந்து 2020இல் வெளியிட்டனர். குளிசையை நிறுத்தியபின் சில மாதங்களில் அவர்களுடைய ஈரல் பழைய நிலைக்குத் திரும்பிற்று. டென்மார்க் தேசம் 2023இல் அமுக்கிராவை உணவுப்பொருளாக விற்பதையே தடைசெய்துவிட்டது. தைரொயிட் குளிசை உண்பவர், கருவுற்ற தாய்மார், நித்திரைக் குளிசை எடுப்பவர் ஆகியோர் இவ்வேரைத் தாமாகத் தொடுவது ஆபத்தானது. ஜின்செங்கோ, குருதி உறையாதிருக்கக் கொடுக்கும் வார்பரினோடு முரண்படக்கூடியது. இவையெல்லாம் வேரின் குற்றங்கள். வியாபாரியின் குற்றம் இவற்றினும் கொடியது. 2008ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூரின் அரசாங்க வைத்தியசாலைகளுக்கு, சீனி வருத்தமே இல்லாத 150 பேர் குருதிச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்த நிலையில் கொண்டுவரப்பட்டனர்; நால்வர் மாண்டனர். அவர்கள் உண்ட கள்ள மருந்துகளில், மூலிகை என்று சொல்லி விற்கப்பட்டவை உட்பட, சீனி வருத்தத்துக்கான கிளிபென்கிளமைட் என்ற இரசாயன மருந்து இரகசியமாகக் கலக்கப்பட்டிருந்தது. 'உண்டவுடன் உடம்பில் வேகம் தெரிகிறது' என்று எவரேனும் ஒரு மூலிகைக் குளிசையைச் சிலாகித்தால், எனக்கு முதலில் எழுவது மகிழ்ச்சியன்று, அச்சமே.

இலங்கையிலே சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை என்பவற்றையும் தன் குடையின்கீழ் அணைத்துக்கொண்டது. மறு வருஷமே நாவின்னையில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. முழுமையான மருந்தும் அல்லாத, முழுமையான உணவும் அல்லாத இத்தகைய குளிசைகளை எல்லைக்கோட்டுப் பண்டங்கள் என்று வகுத்துப் பதிவுசெய்யும் பொறுப்பு, 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையினுடையது. ஆனால் பிரயாணப் பெட்டியில் துணிகளுக்கிடையே சுருட்டி வரும் போத்தலை எந்த அதிகாரசபை பதிவுசெய்யும்? தவிரவும், பதிவைவிட நம்பிக்கையே நம் நாட்டில் விரைந்து ஓடுவது. 2020 டிசெம்பரில் கொரோனாவை வெல்லுமென்று சொல்லப்பட்ட ஒரு பாணிக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். அப்பாணியைப் பகிரங்கமாக அருந்திக் காட்டிய சுகாதார அமைச்சரே அடுத்த மாதம் அத்தொற்றுக்கு ஆளானார்.

குளிசையிலே வந்து சேராத ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் ஒப்பவில்லை. 1990 ஒக்டோபரில், வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, கையிலகப்பட்டதோடு தில்லையடி, பாலாவி, ஆலங்குடா, கற்பிட்டி என்று இந்தக் கரையெங்கும் ஓலைக்கொட்டில்களில் ஒதுங்கினார்கள். வீடு, நகை, உறுதிப் பத்திரம் என்று அவர்கள் இழந்தவற்றின் கணக்கைப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஊர்ப் பரியாரியை இழந்த கணக்கு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. மூத்தம்மா விட்டுவந்த பழைய ஊரிலே பரியாரி அமுக்கிராவை எப்படிக் கொடுப்பார் என்று அவரே எனக்குச் சொன்னார்: கிழங்கைத் துணியிற் கட்டிப் பாலின் ஆவியிலே பிட்டவித்து, வெயிலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, கட்டித் தருவார், தருவதற்கு முன் நாடி பிடிப்பார், நாக்கைப் பார்ப்பார், பிள்ளை எத்தனை என்று கேட்பார், மலசலம் விசாரிப்பார், ஒருத்திக்குப் பாலில் என்பார், இன்னொருத்திக்கு 'உனக்கு இது வேண்டாம் புள்ள' என்று திருப்பி அனுப்புவார். நித்திரை வரவழைக்கும் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைத் தன் தாவரப் பெயரிலே ஏந்திய அந்த வேரை, பகலெல்லாம் தூங்கி வழிபவருக்குக் கொடுக்கலாகாது என்பது அவருக்கு இலத்தீன் படியாமலே தெரிந்திருந்தது.

பானையின் வேலையை இயந்திரமும், வயிற்றின் வேலையை நுண்ணுயிரும் செய்துமுடித்து, வேரின் சாரம் ஒரு குளிசைக்குள் வந்து அடங்கிவிட்டது. 'உனக்கு இது வேண்டாம்' என்று சொல்லும் அந்த வாய் மட்டும் போத்தலுக்குள் வரவில்லை. எனவே மூத்தம்மா கேட்ட கேள்வியின் பிற்பாதி நியாயமானதே. வேரைக் குளிசையாக்கியவன் மருந்துக்குரிய வீரியத்தைக் கொண்டாடிக்கொண்டு, மருந்துக்குரிய பொறுப்பை வாங்குபவன் தலையில் வைத்துவிட்டான் என்பதே என் முடிவு. புளிக்கவைத்த வேரை நான் வெறுக்கவில்லை. தக்க வைத்தியர் ஆராய்ந்து கொடுத்தால் நானும் உண்பேன். அலுமாரியிலிருந்து எடுத்து நானே எனக்குக் கொடுத்துக்கொள்ளமாட்டேன்.

எங்கள் வீட்டுப் போத்தலை, புத்தளம் ஆதார வைத்தியசாலையில் மூத்தம்மாவுக்குக் கிளினிக் இருந்த நாளன்று நானே பையில் போட்டுக்கொண்டு போனேன். வைத்தியர் அதை வாங்கி, பின்புறத்துச் சிறிய எழுத்துக்களை வெளிச்சத்திற் பிடித்து வாசித்துவிட்டு, ஏற்கெனவே மூத்தம்மா உண்ணும் சீனிக் குளிசையின் பெயரையும் அளவையும் பார்த்து, இரண்டையும் சேர்த்து எடுக்கவேண்டாம் என்று சொன்னார். அதற்கு இரண்டு நிமிஷங்கூடச் செல்லவில்லை. இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் அப்படியொரு போத்தல் இருக்குமானால், ஆங்கில வைத்தியரோ, பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத, யூனானி வைத்தியரோ, நீங்கள் வழக்கமாகக் காண்பவர் எவராயினும், அடுத்த முறை போகும்போது கிளினிக் கொப்பியோடு அதையும் எடுத்துச் சென்று அவர் மேசையில் வையுங்கள்.